சாப்பிட்டியோ என்று கேட்காத ராஜினி

ராஜினி,

நேற்று அந்த ஆள் என்ன சொன்னான் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. பதற்றத்தில் பாதியை நானே சேர்த்திருக்கலாம். "உங்கட மனிசியின்ர கேம் கணக்கைக் களவெடுக்கப் பாக்கினம் ஐயா. நாங்கள் கம்பனி உதவிப் பகுதி. போனுக்கு வந்த இலக்கத்தை வாசியுங்கோ" என்றான். கவரேஜுக்காக ஜன்னலில் வைத்திருந்த உமது போனை, அது அடித்தபோது அந்தப் பக்கம் போன நான் எடுத்தேன். வாசித்தும் விட்டேன். கணக்குப் பறிபோனதும் நீர் கத்தியதில் பிழையில்லை.

விடிய, கனடாவிலிருந்து உமது தம்பி ரூபன் போன் எடுத்தான். நீங்கள் இருவரும் ஆறுதலாகக் கதைக்கும் அந்தக் கேமுக்குள், கள்ளன் உமது பெயரில் வந்து அவனிடமும் இலக்கம் கேட்டிருக்கிறான்!

"சாப்பிட்டியோ எண்டு கேக்காமல் அக்கா ஒரு கதையும் தொடங்கமாட்டா அத்தான். உவர் எடுத்த எடுப்பில 'ஹாய் ரூபன்' எண்டார். நான் குடுக்கேல்லை" என்றான்.

முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றும். பிறகு கேமுக்குள் இருக்கும் உதவிப் பக்கத்தில் எழுதும். கணக்குத் தொடங்கியபோது வைத்த பெயரைக் கேட்பார்களாம். அது உமக்குத்தான் தெரியும்.

வாய்க்காலில் இன்று எங்கள் முறை, தண்ணீர் திருப்பப் போகிறேன். புட்டு குசினியில் மூடியிருக்கிறது. வீட்டைப் பூட்டும் திறப்பு அலுமாரிக்கு மேலே.

குகதாசன்

கணக்கை மீட்டுத் தருகிறோம் என்று வேறு யாரும் எடுத்தால் கதைக்க வேண்டாம்.

ரூபன் தப்பிவிட்டான். கள்ளன் இன்னும் உமது பெயரில் உள்ளே இருக்கிறான். நான் வயலில் நிற்பேன். நீர் இரவு சாப்பிடாமலே படுத்துவிட்டீர்; இப்போதாவது சாப்பிட்டீரோ?