முதல் வருடத்தைத் தாண்டுவது பற்றி

டெரன்ஸ்,

என்னைக் கேட்காமல், நான் சேர்ந்திருக்கும் கல்லூரிக்கு எழுதியிருக்கிறாய். அறுபது வருடத்துக்கு முன் கான்வென்ட் பள்ளியில் நான் எழுதிய கல்லூரித் தரத் தேர்வுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, என்னை நேராக இரண்டாம் வருடத்தில் சேர்க்க வேண்டுமாம். கடிதத்தைக் காட்டினார்கள். நான்கு பிழைகள்.

பாடம் தேர்ந்தெடுக்க உதவும் பெண் சூயிங்கம் மென்றபடியே, "மேடம், ஒரு வருஷம் மிச்சமாகுமே, வேணாங்கறீங்களா?" என்றாள்.

"மிச்சம் பிடிச்சு எங்க கொண்டுபோய் வைக்கிறது? முதல்ல வாயில இருக்கறதைத் துப்பு" என்றேன். துப்பினாள்.

லத்தீனும் வானியலும் முதல் பாடத்திலிருந்தே எடுத்திருக்கிறேன். அன்று "கல்யாணத்துக்கப்புறம் காலேஜ் எதுக்கு?" என்று உன் அப்பா முடிவு செய்தார். இன்று நீ.

டாக்டர் சொன்ன மாதங்களை எண்ணி, அதற்குள் எனக்கொரு பட்டம் வாங்கித் தரப் பார்க்கிறாய். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட உனக்கு அது தேவைப்படலாம். எனக்கு வேண்டியது முதல் வருடம். அதற்கு நேரம் இருக்கிறது.

உன் அம்மா