எங்கள் மூக்குக்குத் தெரியாதது

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

அக்கா இர்யா எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளை ஒன்னியும் சுகம் என்று நம்புகிறேன். நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. ஏரி உறைந்துவிட்டது.

நாற்காலிகள் திரும்பி வந்துவிட்டன. ஹெல்சிங்கியில் உன் வீட்டுக்குப் பக்கத்து மழலையர் பள்ளிக்கு அனுப்பினோமே, அவைதான். பிள்ளைகள் உட்கார மாட்டேன் என்று அழுதார்களாம். "முட்டைக்கோசு அழுகின நாத்தம்" என்று டீச்சர் புகார் சொல்லியிருக்கிறாள்.

இதற்காக நான் எவ்வளவு மல்லுக்கட்டினேன் என்று உனக்குத் தெரியும். மரத்தைக் கூழாக்கும்போது, நாரோடு நாரைப் பிடித்துவைத்திருக்கும் லிக்னின் கறுப்புச் சாறாகக் கழன்று வரும். அப்பா காலத்திலிருந்து ஆலையில் அதை எரித்தே வந்தார்கள். அதைப் பிரித்துப் பொடியாக்கி, மரத்தூளோடு சேர்த்து அழுத்தினால் பிளாஸ்டிக்கே இல்லாத நாற்காலி ஆகும் என்று மேலாளர் தைஸ்டோவின் காலைச் சுற்றி வந்தவள் நான். செய்து பார்த்த நாற்காலியில் ஏறிக் குதித்தோம், தண்ணீரில் ஊறப்போட்டோம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் காபி அறையில் கூடி முகர்ந்து பார்த்தோம். "புதுப் பலகை மாதிரி கம்முன்னு மணக்குது" என்றான் என்னோடு வேலை செய்யும் கௌகோ. எல்லோரும் தலையாட்டினோம். அத்தனை பேரும் ஆலைப் புகையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் என்பது ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

எனக்கு மட்டும் உள்ளூரச் சந்தேகம். அதனால்தான் கோடையில் நீ வந்தபோது நாற்காலி ஒன்றை வீட்டுக்குத் தூக்கிவந்து, "நீதான்டி இப்ப வெளியூர்க்காரி, மோந்து பாத்து நெஜத்தைச் சொல்லு" என்று கேட்டேன். நீ ஜன்னலைத் திறந்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்குக்கா" என்றாய். அதை நம்பித்தான் மறுநாள், அனுப்பலாம் என்று தைஸ்டோவிடம் சம்மதம் சொன்னேன். அன்றே சொல்லியிருந்தால் பொடியை மறுபடி கழுவி வாடையைப் போக்கப் பார்த்திருப்போம். நேரம் இருந்தது.

இப்போது எங்கள் பிரிவை மூடுகிறார்கள். மிச்சப் பொடியும் கொதிகலனுக்கே போகிறது. "உன்னை நம்பிக் கெட்டேன் இர்யா" என்றார் தைஸ்டோ. உன் பெயரை நான் எடுக்கவில்லை.

நாற்காலிகளைக் கொண்டுவந்த லாரிக்காரன் சிரித்தான். "நாற்காலியை விடுங்கம்மா, உங்க ஊர் ஆளுங்க மேலயே இதே வாடைதான். யாருமே சொன்னதில்லையா?" என்றான்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். நீ அனுப்பும் படங்களில், நான் பின்னி அனுப்பிய ஸ்வெட்டர்கள் இந்தக் குளிரிலும் உன் பால்கனியில் தொங்குவது ஏன், ஒன்னிக்கு அளவு சரியில்லை என்று ஒவ்வொரு தடவையும் நீ எழுதுவது ஏன், இங்கிருந்து கிளம்பும்போது துணிகளைப் பையில் போட்டு இறுகக் கட்டுவது ஏன் என்றெல்லாம் விளங்கியது. மடியில் தூக்கி வைத்தால் ஒன்னி முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கி ஓடுவான். கூச்ச சுபாவம் என்றாயே வெர்னா.

என் மனம் நோகக்கூடாதென்றுதான் மறைத்தாய். அதுதான் எனக்கு ஆறவேயில்லை. "நாறுதுக்கா" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லியிருந்தால் ஒரு பொழுது அழுதிருப்பேன், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு ஒன்னியின் ஸ்வெட்டரைக் கடைக்காரர்களே நேராக அனுப்பிவிடுவார்கள். என் கை படவில்லை, தைரியமாகப் போட்டுவிடு. நீங்கள் எல்லோரும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும். பெரியம்மா கட்டிப்பிடித்துக்கொண்டதாக அவனிடம் சொல். வாயால் சொன்னால் வாடை அடிக்காது.

இப்படிக்கு,
உன் அக்கா
இர்யா