வாயுவுக்குக் கட்டம் இல்லை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலம் என்று நம்புகிறேன், நாங்களும் நலம் என்றுதான் எழுத வேண்டும், எவ்வளவு நலம் என்பதைப் படித்துவிட்டு நீயே சொல். இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, குறட்டை விட்டுக்கொண்டிருந்த உன் அப்பாவின் வயிற்றைத் தையல் டேப்பால் அளந்தேன். நாற்பத்தொரு அங்குலம். பாதியில் விழித்துக்கொண்டு, என்னடி, சவப்பெட்டிக்கு அளவெடுக்கிறியா என்றார். சட்டைக்கு என்று சமாளித்தேன்.

எல்லாம் உன் தங்கை, நம் குச்சியால் வந்தது. அவள் பள்ளியில், எந்த இனத்துப் பிள்ளைகளுக்கு இதய ஆபத்து எப்படி என்று ஓர் ஆய்வு நடக்கிறது, இவளுக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஊதினால் பறக்கிற உடம்பு, என்ன வந்துவிடப்போகிறது என்று இருந்தேன். போன வாரம் நர்ஸ் கூப்பிட்டு, உங்க பொண்ணுக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்றாள். அது தெரிஞ்சதுதானேம்மா, நேத்துகூட டீச்சரை எதிர்த்துப் பேசியிருக்கா என்று சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. குச்சியின் தோழி வேறு இனம், இவளைப்போல் இரண்டு மடங்கு, அவளுக்கு எல்லாம் சரியாக இருக்கிறதாம், அவள் அம்மா சொல்லக் கேட்டு எனக்கு வயிறெரிந்தது. நம்மவர் பிள்ளைகளுக்கு ஒல்லியாக இருந்தாலும் ரத்தத்தில் கொழுப்பும் சர்க்கரையும் ஏறுவதுண்டு, எடையைப் பார்த்து ஏமாறாதீங்க, பெரியவங்களுக்கு வயித்தளவையும் பாருங்க என்றாள் நர்ஸ். பரம்பரையா, சோபாவா, எது குற்றவாளி என்று கேட்டேன். ரெண்டும் கூட்டாளிங்க என்றாள். அந்த சோபாவை இத்தனை வருடம் துடைத்து வைத்தேனே தவிர, அதிலிருந்து ஒருவரையும் எழுப்பியதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

வீட்டில் நிரப்பி வரச்சொல்லி நர்ஸ் ஒரு படிவம் கொடுத்தாள். இனம் என்ற இடத்தில் மனுஷ இனம்னு போடு என்றார் அப்பா. அடுத்த கேள்வி, அப்பா வழியில் ஐம்பது வயதுக்குள் இதய நோயால் இறந்தவர் உண்டா. எங்க பரம்பரையில இதயக் கோளாறே கிடையாது, எல்லாரும் வாயுவுலதான் போனாங்க என்றார், பெருமையாக. உன் தாத்தா நாற்பத்தொன்பதில் வாயு, பெரியப்பா நாற்பத்தாறில் வாயு, அத்தனை பேருக்கும் நெஞ்சைப் பிடித்த வாயு. ஒரு குடும்பமே ஏப்பம் வராமல் செத்திருக்கிறது, நானும் தலையாட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன், பட்டம் வேறு வாங்கியவள். படிவத்தில் வாயுவுக்குக் கட்டம் இல்லை. ஆம் என்பதில் டிக் போட்டேன்.

சொல்ல மறந்தேன் என்று எழுதலாம், ஆனால் மறக்கவில்லை, தள்ளிப்போட்டேன். முந்தாநாள் உன் அப்பா லிஃப்ட் பழுதுபார்க்கப் போன இடத்தில் ஐந்து மாடி ஏற வேண்டியிருந்ததாம், மூன்றாவதிலேயே இடது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று கூட வேலை பார்ப்பவர் சொன்னார். இவரைக் கேட்டால், வாயுடி, ஒரு சோடா குடிச்சேன், சரியாப்போச்சு என்கிறார். அடுத்த மாதம் அவருக்கு நாற்பத்தொன்பது.

நீயும் அதே ரத்தம்தான், ஒல்லி என்ற மிதப்பு வேண்டாம், ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடு, பக்கத்துத் தெருவுக்காவது நடந்து போ. நூறு வயது இரு கண்ணு, நோயை அதன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு இரு.

வீட்டில் யாருக்கும் தெரியாத ஒன்று. நாளைக் காலை குச்சியை டாக்டரிடம் காட்டணும், துணைக்கு வாங்க என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். நேரம் வாங்கியிருப்பது குச்சிக்கு இல்லை, அவருக்கு. இது உன் கைக்கு வருவதற்குள் சண்டை முடிந்திருக்கும். வாயுதான் என்று டாக்டர் வாயால் சொல்லட்டும், சோடா நானே வாங்கித் தருகிறேன்.

உன்
அம்மா