நுரை அடங்கிய பிறகு

அன்பு இலின்கா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவின் இருமல் நின்றதா? நான் சுகம். வீட்டில் ஒரு காலுறைகூடத் துவைக்காத உன் பெத்ருவுக்கு இந்த இத்தாலிய விடுதியின் சலவையறையில் இப்போது தனி மரியாதை!

இங்கே வந்திருக்கும் புது வாஷிங் மெஷின் கொஞ்சம் தண்ணீர்தான் குடிக்கும். எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம் வீட்டு வழக்கப்படி சோப்புத்தூளை அள்ளிக் கொட்டினேன். ஞானஸ்நான விருந்துக்கான வெள்ளை மேசைவிரிப்புகள் சாம்பல் பூத்து விறைத்து வந்தன.

"இது விரிப்பா, கதவுப் பலகையா? நாளைக்கு விருந்துய்யா!" என்று கத்தினார் முதலாளியம்மா ஓர்னெல்லா.

தூளே போடாமல் மறுபடி ஓடவிட்டேன். கண்ணாடிக் கதவு முழுக்க நுரை! அத்தனையும் நான் கொட்டிய சோப்பு. நுரை அடங்கும்வரை அலசினேன். பிறகு துணியைத் திணிக்காமல், ஒரே கரண்டித் தூளில் துவைத்தேன்.

முதலாளியம்மா விரிப்பைக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். "இனிமே பெத்ருவைத் தவிர யாரும் இந்த மெஷினைத் தொடக் கூடாது!"

நீயும் தூளைக் குறைத்துக்கொள். துவைத்ததும் மெஷின் கதவைத் திறந்து வை, ஈர வாடை வராது.

மேலே மணி அடிக்கிறார்கள், ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நம் ஊரிலிருந்து இங்கே வரும் மினிபஸ் டிரைவரிடம் உன் தலையணை உறையைக் கொடுத்தனுப்பு. துவைத்துவிடாதே, உன் கூந்தல் வாசம் போய்விடும்.

உன்
பெத்ரு