பெயர் எழுதாத படிவம்

பொன்னேரி,
2-3-2026.

அன்புள்ள மகன் எட்வினுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே எனக்குக் குறை ஒன்றுமில்லை, முழங்கால் வலி இருக்கிறது, எழுபத்து நான்கு வயதில் அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். பூனாவில் நீயும் மோனிகாவும் குழந்தை ஏஞ்சலும் சரீர சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சரீர சுகத்தை மட்டும்தான் விசாரிக்கிறேன். நிம்மதியாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை, நிம்மதியாக இருக்கிறேன் என்று நீ பதில் எழுதிவிட்டால் எனக்குத் தாங்காது.

ஏஞ்சலுக்குக் கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று மோனிகா போனில் அழுதாள். ட்யூஷனுக்கு அனுப்புவதற்கு முன்னால் உங்கள் வீட்டு டிவியை ஒரு மாதம் அணைத்துப் பாருங்கள். நீ அனுப்பிய எண்ணெயில்லாமல் பொரிக்கும் மிஷின் வந்து சேர்ந்தது, பெட்டியைப் பிரிக்கவில்லை, பிரிக்கப் போவதுமில்லை. எதிர்வீட்டு பூமிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, பார்க்கப் போனேன், என் கையில் கொடுக்கவில்லை, தூங்குகிறது என்றாள், அதுவோ கண்ணைத் திறந்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ஞாயிறு ஆராதனையில் என் பெஞ்சில் இப்போது நான் ஒருத்திதான். முதியோர் பென்ஷன் மனு, வங்கிப் படிவம், பள்ளிக்கூட விண்ணப்பம் என்று எழுதி வாங்கிப் போக நாள் தவறாமல் நாலு பேராவது வாசலில் நிற்பார்களே, மூன்று வாரமாக ஒருவரும் வரவில்லை, ஸ்டேஷன் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போகிறார்களாம். முப்பத்தொரு வருடம் அஞ்சலகத்தில் இருந்தவள் நான். இந்த ஊரின் கடிதங்களெல்லாம் என் கை வழியாகப் போயின, ஒட்டிய உறை ஒன்றைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததில்லை என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரைப் பதினேழு நிமிடத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். எப்படி என்பது உனக்குத் தெரியும். தெரியாதவன் போல நீ இருப்பதால் வரிசையாக எழுதுகிறேன், பாதியில் வைத்துவிடாமல் படி.

உங்கள் கம்பெனியின் கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைக்குப் போகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்துக்காரர்கள், கம்பெனி பஸ் நம் தெருமுனையில்தான் நிற்கிறது. முன்பெல்லாம் பஸ் வருவதற்குள் அவர்களுடைய கேலியிலும் சிரிப்பிலும் தெருவே எழுந்துவிடும், இப்போது பிண வண்டிக்குக் காத்திருப்பவர்களைப் போல நிற்கிறார்கள். பணியாளர் துறைக்கு நீ தலைவனான புதிதில் பெரிய திரையில் தோன்றி, நாமெல்லாம் ஒரே குடும்பம், ஒருவரையும் வெளியே அனுப்ப மாட்டோம் என்று பேசினாய், அந்த மாதக் கடைசியில் நாற்பத்திரண்டு பேரை அனுப்பினாய். அதற்குப் பிறகு நீங்கள் மணி என்ன என்று சொன்னால்கூட அவர்கள் வெளியே வந்து வெயிலைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள். ஆயுத பூஜைக்கு அங்கே கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று பார்க்காமல் அவரவர் மிஷினை அவரவரே கழுவித் துடைத்துத் தோரணம் கட்டி, பெண்டாட்டி பிள்ளைகளைக் கூட்டிவந்து இதுதான் என் மிஷின் என்று காட்டுவது வழக்கம். சென்ற வருடம் ஒரு ஆள்கூடத் துணியைக் கையால் தொடவில்லை. உன்னுடைய தொழிற்சாலை மேலாளர் துளசிராமன், கூட்டிப் பெருக்க வரும் கான்ட்ராக்ட் பெண்களை வைத்துச் சந்தனம் பூசிப் படமெடுத்து உனக்கு அனுப்பினாராம். அந்தப் படத்தில் மிஷின் பக்கத்தில் ஒரு மனிதன்கூட இல்லை என்பதைக் கவனித்திருப்பாய், அதனால்தான் பொங்கல் முடிந்த கையோடு அந்தக் கருத்துப் படிவத்தை அச்சடித்து அனுப்பினாய்.

மனம் திறந்து எழுதுங்கள், பெயர் எழுத வேண்டாம், உறையை ஒட்டிப் பெட்டியில் போடுங்கள், யார் எழுதியது என்று யாரும் தேட மாட்டார்கள் என்று அதில் இருந்தது. கீழே உன் கையெழுத்து. அவர்கள் நம்பவில்லை. ஷிப்ட் முடியும்போது ஒவ்வொருவனும் ரிஜிஸ்டரில் தன் கையால் எழுதிவிட்டுத்தானே வெளியே வருகிறான், அவன் எழுத்து சூப்பர்வைசருக்கு மனப்பாடம், பெயர் போடாமலிருந்து என்ன பயன்? அதனால் படிவத்தை ரகசியமாக வீட்டுக்கு எடுத்து வந்து, ஒருவன் மச்சினிச்சியிடம், ஒருவன் பள்ளிக்கூடம் போகும் பெண்ணிடம் என்று கை மாற்றி எழுதி வாங்கிப் போட்டார்கள். லோகு என்னிடம் வந்தான். நம் தெருக் கடைசி வீட்டு லோகுதான், பதினோரு வருடமாக அங்கே வேலை செய்கிறவன், உன் அப்பா இறந்த அன்று நீ விமானம் பிடித்து வந்து சேரும்வரை ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன். “எம்மா, லேசா போட்டு வுடும்மா, கேன்டீன் சாப்பாடு சுமாரு, பஸ்சு லேட்டா வருது, அத்தோட வுட்ரு, நமக்கு இன்னாத்துக்கு வம்பு” என்றான். இதற்கா என் பேனாவைத் திறக்கச் சொன்னாய் கோழை என்று திட்டி, நிஜத்தைச் சொல் என்று உட்கார வைத்தேன். அப்புறம்தான் வாய் திறந்தான். “விரல் நசுங்கினாக்கூட எவனும் சொல்றதில்லம்மா, சொன்னா அவன் மேலயே மெமோ. மீட்டிங்ல அவுங்க இன்னா சொன்னாலும் கை தட்டிக்கினு வெளிய வந்துருவோம், அப்பால அத்த அப்டியே தலகீயா எடுத்துக்குவோம், அதான் நடக்கும்” என்றான். அதை நான் ஒழுங்கான தமிழில் எழுதினேன்: நிர்வாகம் ஒன்றைச் சொன்னால் தொழிலாளர்கள் அதற்கு நேர்மாறானதற்குத் தயாராகிறார்கள், பொய் சொல்வதற்கு இத்தனை பெரிய சம்பளத்தில் ஒரு தலைவர் தேவையில்லை, அதை வாசல் காவலாளியே சொல்லிவிடலாம். இதில் தலைவரும் காவலாளியும் லோகு சொன்னதல்ல, என்னுடையது. வாக்கியம் நன்றாக அமைந்தது, எழுதினேன். “எம்மா, இது வேணாமே” என்று இரண்டு தடவை கெஞ்சினான். வாயை மூடு என்றேன். படிவங்களைக் கடைசியாகப் படிக்கிறவன் நீ என்பது எனக்குத் தெரியும். அம்மாவின் எழுத்து என்று தெரிந்தால் இன்னும் கவனமாகப் படிப்பாய் என்று நினைத்தேன். படித்தாய்.

பிப்ரவரி 8, ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து புடவைகூட மாற்றவில்லை, போன் அடித்தது. மாதக்கணக்கில் மோனிகாவையே பேச விடுகிறவன் நீயாகவே கூப்பிட்டுப் பதினேழு நிமிடம் பேசினாய். “எம்மா, உன் கையெழுத்து இன்னும் அச்சு மாதிரியே இருக்கும்மா, பாத்ததும் கண்ணு கலங்கிடுச்சு, யாருக்கும்மா எழுதிக் குடுத்த?” என்று ஆறு வயதுப் பிள்ளை போலக் குழைந்தாய். கான்வென்டில் சிஸ்டர் என் விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்து அடித்து வந்த எழுத்து அது, அதை யார் புகழ்ந்தாலும் எனக்குப் புத்தி மட்டமாகிவிடும், நீ அதை அறிந்தே பேசினாய். லோகு என்று சொன்னேன். அவன் வேண்டாம் என்றான், கடுமையாக எழுதியவள் நான் என்றும் சொன்னேன். பெயரை எடுத்துக்கொண்டாய், மற்றதை விட்டுவிட்டாய். பன்னிரண்டாம் தேதி வியாழக்கிழமை அவனைக் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. தற்காலிகப் பணிநீக்கம், கூடவே குற்றச்சாட்டு: நிறுவனத் தலைமையை இழிவுபடுத்தியது ஒன்று, நிறுவனத்தின் ஆவணத்தை வெளி நபர் ஒருவரிடம் காட்டியது இன்னொன்று. அந்த வெளி நபர் நான். உன் முதல் வேலை விண்ணப்பத்தை எழுதித் தந்ததும் இதே வெளி நபர்தான், அன்று உனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை.

அன்று சாயங்காலம் லோகுவின் மனைவி செண்பகம் வந்தாள். உள்ளே வா என்றேன், வரவில்லை, தெருவில் நின்றபடியே, “போஸ்டாபீசு அம்மா வாயி பூட்டு போட்ட வாயின்னு ஊரே சொல்லும், சாவி மட்டும் புள்ளயாண்ட இருந்துச்சா? அவரு வேணாம் வேணான்னு சொன்னாரே, நீ பட்ச்சவன்னு காட்டிக்கினது போதுமா? ஒரே போனு, எங்கூட்டு அடுப்பு அணஞ்சிபோச்சு” என்றாள். தெருவே கதவைத் திறந்து வைத்துக் கேட்டது. உள்ளே வந்து உன்னைக் கூப்பிட்டேன். “எம்மா, இது ஆபீஸ் விஷயம், உனக்குப் புரியாது” என்று வைத்துவிட்டாய்.

புரியாதவளிடம் எதற்காக துளசிராமனை அனுப்பினாய்? சென்ற வியாழக்கிழமை ஒரு கிலோ இனிப்போடு வந்து நின்றார். உட்காரச் சொல்லவில்லை. டைப் அடித்த தாள் ஒன்றை நீட்டினார், வயது முதிர்வால் எனக்கு நினைவு சரியில்லை, படிவம் எதுவும் எழுதியதாக ஞாபகமில்லை என்று இருந்தது. அந்த வாக்கியம் என்னுடையது என்று நானே விசாரணையில் சொல்லிவிட்டால் இழிவுபடுத்தினான் என்று லோகு மேல் போட்ட குற்றச்சாட்டு நிற்காது, நீ போன் செய்து தேடியதும் வெளியே வந்துவிடும், அதற்குத்தானே? “மேடம், ஒரு சைன் போதும், உங்கள இதுல இழுக்காம முடிச்சிரலாம்னு சார் ஃபீல் பண்றாரு” என்றார். எந்த சார் என்று கேட்டேன். சுவரில் தொங்கும் உன் பட்டமளிப்புப் படத்தைக் கையால் காட்டினார். பெற்றவளைப் புத்தி பேதலித்தவள் என்று எழுதி அவளிடமே கையெழுத்து கேட்கும் பிள்ளையை நான் கேள்விப்பட்டதில்லை, எட்வின். இனிப்பை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். செருப்பை மாட்டும்போது அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி, “மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, அடுத்த லிஸ்ட்ல எம்பேரு இருக்கான்னு சார்கிட்ட மெதுவா கேட்டுச் சொல்வீங்களா?” என்றார். உன் மேலாளரின் கதி இது. சிரிப்பு வந்தது, சிரித்தே விட்டேன். எனக்கு நினைவு எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் இதைக் கேள்: ஆறாம் வகுப்பில் ஹெட்மாஸ்டர் அறைக் கண்ணாடியை உடைத்துவிட்டு கோபால் பெயரைச் சொன்னாயே, அந்தப் பையன் முட்டிபோட்டு நின்றபோது நீ ஐஸ் தின்றுகொண்டிருந்தாய். எனக்கு அன்றே தெரியும், குடும்ப கௌரவத்துக்காக மறைத்தேன். உன்னைக் கெடுத்தது பூனா அல்ல, நான்.

மார்ச் 11, புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனியில் விசாரணை. அன்று குற்றம் நிரூபணமாயிற்று என்று எழுதிவிட்டால் லோகுவின் வேலை போயிற்று, நாற்பது வயதுக்கு மேல் அந்தத் தொழிற்பேட்டையில் வேறு எவரும் அவனைச் சேர்க்கப் போவதில்லை. அவனுக்காகப் பேச சஹாபுதீன் வருகிறார், பழவேற்காட்டுக்காரர், அவனோடு வேலை செய்கிறவர், சாட்சிகளில் என் பெயரையும் கொடுத்திருக்கிறார். அதைக் கேட்டு லோகு ஓடி வந்தான். “வேணாம்மா, எனக்கோசரம் தாயும் புள்ளயும் மூஞ்சி பாக்காம பூட்டா அந்தப் பாவம் என்ன வுடாது” என்றான். உனக்காக யார் வருகிறார்கள், நான் எழுதிய வாக்கியத்துக்கு நான் போகிறேன், நீ போய்ச் சட்டையை இஸ்திரி போட்டு வை என்று விரட்டினேன். வாக்கியம் என்னுடையது என்று சொல்வேன். தேட மாட்டோம் என்று கையெழுத்திட்டவன் எப்படித் தேடினான், எந்தக் குரலில் கேட்டான் என்று சொல்வேன். தொழிலாளர்கள் உன்னை நம்பாததில் தப்பில்லை, நம்பிய ஒரே ஆள் நான், என் கதியைப் பாருங்கள் என்றும் சொல்வேன்.

பத்தாம் தேதிக்குள் அந்த உத்தரவை நீ திரும்பப் பெற்று, பேசிய அதே திரையில் வந்து, தேடினேன் என்று ஒப்புக்கொண்டால் நான் போக வேண்டியிருக்காது. ஒப்புக்கொள்ள மாட்டாய் என்று நினைக்கிறேன், அதனால் ஆட்டோவுக்குச் சொல்லி வைத்துவிட்டேன். போன் செய்யாதே, எடுக்க மாட்டேன், நீ கொஞ்சிப் பேசினால் எதற்காகக் கொஞ்சுகிறாய் என்று இனி எனக்குத் தெரியாது. பதில் இருந்தால் உன் கையால் எழுதி அனுப்பு. மோனிகா இதைப் படித்து அழ வேண்டாம், அவளுக்கு இதில் பங்கில்லை. ஏஞ்சலுக்கு என் முத்தங்கள், பரீட்சைக்குப் பயப்பட வேண்டாம் என்று சொல். சளி பிடித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு மிளகு ரசம் சாப்பிடு. கர்த்தர் உன்னை ஆசீர்வதித்துக் காப்பாராக. என் ஆசீர்வாதத்தைப் பற்றிப் பதினோராம் தேதிக்குப் பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உன் தாய்,
சாராள் யேசுதாஸ்.

நகல்: திரு. சஹாபுதீன், விசாரணையில் தாக்கல் செய்வதற்காக.