ஜன்னல் வழியே ஒரு ஜெபம்

என்னங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. கட்டிலோரம் ஸ்டூலில் ரொட்டியும் அவித்த முட்டையும் இருக்கின்றன, பிளாஸ்க்கில் டீ. வெறும் வயிற்றில் மாத்திரை போடாதீர்கள். பதினொரு மணிக்குப் போதகர் வருவார். வெளியே பூட்டியிருப்பதால் ஜன்னல் வழியாகவே ஜெபித்துவிட்டுப் போகட்டும்.

நேற்று கத்தியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். "கால் விளங்காதவனை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறியே, தீப்பிடிச்சா நான் என்ன பண்ணுவேன்? ஆண்டவரை நம்புறேங்கறதெல்லாம் வாயளவுலதானா?" என்று கேட்டுவிட்டீர்கள். கதவைத் திறந்துபோட்டுவிட்டு, எவன் நுழைவானோ என்று வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் எட்டு மணி நேரம் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க என்னால் முடியாது. ஏழு மாதமாக நீங்கள் உள்ளே, நான் வெளியே. ஆனால் அடைபட்டுக் கிடப்பது இரண்டு பேரும்தான். சித்தம் ஆண்டவருடையது, மூத்திரத் துணி அலசுவது நான். இதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

பி.கு.: பஸ் ஸ்டாப் வரை போனவள் திரும்பி வந்துவிட்டேன். கதவைச் சும்மா சாத்தி வைத்திருக்கிறேன். போதகரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள். இனி ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும்.

பூட்டை மட்டும் பையில் எடுத்துப் போகிறேன். அதையும் வீட்டில் வைத்துவிட்டுப் போக இன்னும் எனக்குத் தைரியம் வரவில்லை.