நிமிராத ஆட்டம்

மகளுக்கு,

இதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஞாயிற்றுக்கிழமை, இளையோர் அதிவேகச் சதுரங்கத்தின் கடைசிச் சுற்றில், உன் மேசைக்கு நான்தான் நடுவர். நம் உறவு அங்கே யாருக்கும் தெரியாது. என் முதலெழுத்தைத்தான் உன் பெயரிலிருந்து உன் அம்மா எடுத்துவிட்டாளே.

உன் எதிராளியின் நேரம் தீர்ந்து, கடிகாரம் பூஜ்ஜியத்தைக் காட்டியது. இருவருமே கவனிக்கவில்லை. நீ கையைத் தூக்கிச் சொல்லியிருந்தால் கோப்பை உனக்கு. ஆனால் ஆட்டக்காரர்தான் சொல்ல வேண்டும், நடுவர் சொல்லக் கூடாது என்பது அந்தப் போட்டியின் விதி. ஒருமுறை நிமிர்ந்திருந்தால் என் கண் போன இடத்தைப் பார்த்திருப்பாய். என் முகத்தில் விழிப்பதில்லை என்ற வைராக்கியம் உனக்கு. அதற்குப் பிந்தைய ஆறாவது நகர்த்தலில் உன் ராஜா மாட்டிக்கொண்டது.

"அந்த நடுவர் ஏண்டி உன்னையே பாக்குறாரு?" என்று உன் தோழி கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்!" என்றாய். பிறகு முடிவுச் சீட்டை என்னிடம் நீட்டினாய். "சார், இங்க ஒரு கையெழுத்து."

விதியை மீறி, "கடிகாரத்தைப் பாரும்மா" என்று சொல்லியிருக்கலாம். முதலில் நீ நிமிரட்டும் என்று நின்றுவிட்டேன்.

உன் தோல்விக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. இதன் அடியில் 'அப்பா' என்று எழுதத் துணிவில்லை; 'நடுவர்' என்று எழுத மனமில்லை. ஒன்றும் எழுதாமலே தபாலில் சேர்க்கிறேன்.